எல் கட் (எல் வடிவ மூலை வெட்டு) போட்டால் டைல் விரிசல் விடுகிறது: கதவு நிலை, தூண், கமோடு பைப் சுற்றி வெட்டுவது எப்படி? (ஒரு கேள்வியும் பதில்களும்; ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

உறையூர்

எல்லோருக்கும் வணக்கம். 1980களில் கட்டிய வீடு, முழுக்க மொசைக் தரை. அதைப் பெயர்க்காமல் மேலேயே 2 அடிக்கு 2 அடி விட்ரிஃபைட் டைல் ஒட்டுகிறோம். கனம் 9 எம்எம், ஜாயின்ட் 2 எம்எம் ஸ்பேசர் வைத்து. நேர் வெட்டு எல்லாம் தள்ளு கட்டரில் (கையால் தள்ளிக் கீறி உடைக்கும் கருவி) சுத்தமாக வருகிறது. சிக்கல் இந்த இடங்களில்தான்:

சுவரிலிருந்து துருத்தி நிற்கும் சதுரத் தூண் மூலைகள். எல் கட் போட்டால் உள் மூலையிலிருந்து குறுக்கே விரிசல் ஓடுகிறது. சில டைல் வெட்டும்போது, சில ஒட்டி நடந்த பிறகு.

ஹாலில் தனியாக நிற்கும் உருண்டைத் தூண். நூல் சுற்றி அளந்ததில் சுற்றளவு 72 செ.மீ.

மூன்று உள் கதவு நிலைகள். தேக்கு, ஓரத்தில் படி படியாக மோல்டிங் இருக்கிறது. அந்த வளைவுக்குச் சரியாக டைலை வெட்ட முடியவில்லை.

பாத்ரூமில் தண்ணீர் போகும் ஜாலியும் கமோடு பைப்பும். அங்கே 1-க்கு 1 டைல்.

கையில் இருப்பது 4 இன்ச் கிரைண்டர். பிளேடு, விளிம்பில் பல் பல்லாக இடைவெளி விட்ட டைமண்ட் பிளேடு. வெட்டிய ஓரம் முழுக்கச் சில்லு தெறிக்கிறது. என்ன மாற்ற வேண்டும்?

மூலமட்டம்

சார், முதலில் பிளேடை மாற்றுங்கள். இடைவெளி விட்ட பிளேடு கான்கிரீட்டுக்கும் கிரானைட்டுக்கும். ஒவ்வொரு பல்லும் டைல் முகத்தில் தட்டிக்கொண்டே போகும், அதுதான் சில்லு. விளிம்பு முழுக்க ஒரே வளையமாக இருக்கும் டைல் பிளேடு, இல்லையென்றால் விளிம்பில் வரி வரியாக இருக்கும் மெல்லிய டர்போ பிளேடு வாங்குங்கள். வாங்கும்போது நடு ஓட்டையைப் பாருங்கள்: மார்பிள் கட்டருக்கு 20 எம்எம், 4 இன்ச் கிரைண்டருக்குப் பெரும்பாலும் 16 எம்எம். 20 பிளேடை கிரைண்டரில் மாட்டினால் நடு ஓட்டையைச் சிறிதாக்கும் புஷ் வளையம் கட்டாயம். வளையம் இல்லாமல் நட்டை மட்டும் நம்பி இறுக்கினால் பிளேடு மையம் விலகிச் சுற்றும், எவ்வளவு நல்ல பிளேடும் பிசிறடிக்கும். கொஞ்ச நாள் ஓடியபின் வெட்டாமல் வழுக்கினால் பிளேடு தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பழைய செங்கல்லில் நாலு வெட்டு வெட்டுங்கள், வைரத் துகள் மறுபடி வெளியே வரும்.

அடுத்து விரிசல். விட்ரிஃபைட் டைல் கண்ணாடி மாதிரி. நேர் ஓரத்தில் தாங்குவதைக் கூர்மையான உள் மூலையில் தாங்காது. எந்த இழுப்பும் அந்த ஒரு புள்ளியில் போய்ச் சேரும். வெட்டுக்கோடு மூலையைத் தாண்டி ஒரு நூல் (அரைக்கால் இன்ச், சுமார் 3 எம்எம்) போயிருந்தாலும் அதுவே விரிசலுக்கு வழி காட்டும். எல்லோரும் தாண்டிப் போவதற்குக் காரணம் பிளேடு வட்டமாக இருப்பது. 105 எம்எம் பிளேடை டைலுக்கு அடியில் 3 எம்எம் தெரியும்படி இறக்கி வெட்டுங்கள். மேல் முகத்தில் வெட்டு மூலையைத் தொடும்போது அடி முகத்தில் இன்னும் 15, 16 எம்எம் வெட்டுப்படாமல் நிற்கும். கிரைண்டரை இன்னும் ஆழமாக இறக்கினாலும் 7 எம்எம் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தைத் தட்டி உடைக்கப் போனால் விரிசல், மேலே இழுத்து வெட்டினால் கோடு தாண்டும். இரண்டுக்கும் மருந்து, மூலையில் முதலிலேயே ஒரு ஓட்டை.

6 எம்எம் டைமண்ட் கோர் பிட் (குழாய் வடிவ டிரில் முனை) போதும். ஓட்டையின் மையம் குறித்த மூலைப் புள்ளியில் வரக்கூடாது. இரண்டு கோட்டிலிருந்தும் 3 எம்எம் உள்ளே, கழிவுப் பக்கத்தில், அதாவது வெட்டி எறியும் துண்டில் வர வேண்டும். அப்போதுதான் ஓட்டையின் விளிம்பு இரண்டு கோடுகளையும் தொட்டுக்கொண்டு நிற்கும், டைலுக்குள் ஏறாது. டிரில்லில் ஹேமர் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிட்டைச் சாய்த்துப் பிறை மாதிரி ஒரு கீறல் விழுந்ததும் மெல்ல நிமிர்த்துங்கள். நேராக வைத்து அழுத்தினால் வழுக்கிப் பாலிஷைக் கிழிக்கும். ஈரமான ஸ்பாஞ்ச் பக்கத்திலேயே இருக்கட்டும்.

பிறகு டைலை ஒரு இன்ச் தெர்மாகோல் ஷீட் மேல் முழுதாகப் படுக்க வையுங்கள். பிளேடு கீழே தெர்மாகோலைத்தான் கீறும், டைலுக்கு எல்லாப் பக்கமும் தாங்கல் இருக்கும். இரண்டு செங்கல் மேல் வைத்து வெட்டுவதுதான் பாதி டைல் போவதற்குக் காரணம். இரண்டு கோட்டையும் 2 எம்எம் ஆழத்துக்கு முதலில் கீறிக்கொள்ளுங்கள். அப்புறம் குட்டைக் கோட்டை விளிம்பிலிருந்து ஓட்டை நோக்கி முழு ஆழம் வெட்டுங்கள், அதற்குப் பின் நீளக் கோடு. மேலே ஓட்டையைத் தொட்டதும் நிறுத்திவிட்டு டைலைத் திருப்பிப் போட்டு, அடி முகத்திலிருந்து மிச்சத்தை ஓட்டை வரை வெட்டுங்கள். ஓட்டை இரண்டு பக்கமும் தெரிவதால் பின்பக்கம் தனியாக அளந்து குறிக்க வேண்டாம். பின்பக்கம் அளந்து குறிப்பவர்கள் இடது வலது மாற்றிவிடுவது தினமும் நடக்கும் வேலை. கடைசி இரண்டு விரற்கடை வெட்டும்போது கழிவுத் துண்டை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். அது தன் கனத்தில் தொங்கினாலே மூலை கிழியும்.

அளவு எடுக்க டேப் வேண்டாம். வெட்ட வேண்டிய டைலை, தூணுக்குப் பக்கத்தில் ஒட்டிய கடைசி முழு டைலின் மேல் ஓரம் தப்பாமல் வையுங்கள். இன்னொரு முழு டைலை அதன் மேல் வைத்துத் தூண் வரை தள்ளுங்கள், ஆனால் நடுவில் அதே டைலின் உடைந்த துண்டு ஒன்றைத் தூணோடு செங்குத்தாக நிறுத்துங்கள். மேல் டைலின் பின் ஓரம் விழும் இடம்தான் வெட்டுக்கோடு. அந்த 9 எம்எம் துண்டில் 2 ஜாயின்டுக்கு, 7 தூணோரம் விடும் இடைவெளிக்கு. சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் டைலின் கனம் அதை மூடிவிடும். பிறகு அதே டைலைத் திருப்பாமல், சுழற்றாமல், மூலைக்கு அடுத்த பக்கம் உள்ள முழு டைல் மேல் வைத்து இதையே செய்யுங்கள். இரண்டு கோடும் சந்திக்கும் இடம் உங்கள் மூலை. சுவர் கோணலாக இருந்தால் கோட்டின் இரண்டு முனையிலும் தனித்தனியே குறித்துச் சேருங்கள். பழைய வீட்டுச் சுவரில் மூலமட்டம் (செங்கோணம் பார்க்கும் கருவி) வைத்தால் வருத்தம்தான் மிஞ்சும்.

பாலிஷ் டைல் மேல் அழியாத மார்க்கர் வேண்டாம், சில ரகங்களில் மை இறங்கிவிடும். மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் பென்சில்.

ஒட்டிய பிறகு விரிவது வேறு விஷயம். எல்லில் ஒரு கால் 3 இன்சுக்குக் குறைவாக இருந்து, அடியில் பொக்கு (வெற்றிடம்) இருந்தால், ஒரு நாற்காலிக் கால் போதும். வெட்டிய துண்டுகளுக்குத் தரையில் அட்ஹெசிவ் (டைல் ஒட்டும் பசை) சீவுவதோடு, டைல் முதுகிலும் பூசுங்கள். சிமென்ட் பால் ஊற்றி ஒட்டியிருந்தால் அதைச் சொல்லவே வேண்டாம். விட்ரிஃபைட் 0.5 சதவீதம்கூடத் தண்ணீர் உறிஞ்சாது, கீழே பாலிஷ் மொசைக்கும் அதிகம் உறிஞ்சாது. சிமென்ட் பால் எதைப் பிடித்துக்கொள்ளும்? மொசைக்கைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, டைல் மேல் டைல் ஒட்டுவதற்கான அட்ஹெசிவ் போடுங்கள். மூட்டையில் ஐ.எஸ். 15477 டைப் 3 என்று இருக்கிறதா பாருங்கள்.

ஒருநூல்

மேலே சொன்னதில் ஒரு வார்த்தை மாற்ற வேண்டாம். நான் உருண்டைத் தூணுக்கு மட்டும் வருகிறேன்.

தூண் ஒரே டைலின் நடுவில் விழுந்தால், வட்டம் எவ்வளவு அழகாக வெட்டினாலும் அந்த டைலைத் தூணுக்குள் மாட்ட முடியாது. எப்படியும் இரண்டாக அறுக்க வேண்டும், ஒரு பொய் ஜாயின்ட் தெரியும். அதனால் ஹாலுக்கு நூல் பிடிக்கும்போதே தூணின் மையத்தில் ஒரு ஜாயின்ட் ஓடும்படி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு டைலுக்கு அரை வட்டம் வரும். நான்கு டைல் சந்திக்கும் மூலை மையத்தில் விழுந்தால் இன்னும் நல்லது, ஆளுக்குக் கால் வட்டம். இதனால் சுவரோரத் துண்டு 8 இன்சுக்குக் கீழே போகிறதா என்று மட்டும் பாருங்கள். போனால், சுவரோரத்தைக் காப்பாற்றிவிட்டுத் தூணில் பொய் ஜாயின்டை ஏற்றுக்கொள்வேன். அது என் கணக்கு. தூணைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள் என்று சொல்பவர்களும் உண்டு.

உங்கள் சுற்றளவு 720 எம்எம். 3.14-ஆல் வகுத்தால் விட்டம் 229, ஆரம் 114.6. அதோடு 3 எம்எம் இடைவெளி, ஆக 118 ஆரத்தில் வட்டம். ஆனால் பூசிய தூண் சரியான வட்டமாக இருக்காது, இரண்டு இடத்தில் 4, 5 எம்எம் புடைத்திருக்கும். எனவே டைலில் நேரடியாக காம்பஸ் வைக்காமல் அட்டைப்பெட்டியில் வெட்டித் தூணோடு பொருத்திப் பாருங்கள். இடிக்கும் இடத்தை அட்டையில் சீவிவிட்டு, அந்த அட்டையை டைலில் வைத்து வரையுங்கள்.

வளைவை கிரைண்டரில் வெட்டும்போது ஆழம்தான் எல்லாம். 9 எம்எம் கனத்தையும் ஒரே இறக்கில் இறக்கினால் பிளேடு டைலுக்குள் 58 எம்எம் நீளத்துக்கு நேர்கோடாக நிற்கும். 118 ஆர வளைவில் அது மூன்றரை எம்எம் விலகல். டைலைத் தின்னும், இல்லையென்றால் பிளேடு திருகிச் சிக்கும். 1 எம்எம் மட்டும் இறக்கினால் நீளம் 20 எம்எம், விலகல் அரை எம்எம்முக்குள். ஆகவே கோட்டின் மேல் 1 எம்எம் ஆழத்தில் ஒரு சுற்று கீறி முடியுங்கள், இதுதான் கண்ணில் படும் ஓரம். அதற்குப்பின் வெளி ஓரத்திலிருந்து கோட்டை நோக்கிச் சீப்புப் பல் மாதிரி 8 எம்எம்முக்கு ஒரு வெட்டு. ஒவ்வொரு வெட்டும் கீறலுக்கு ஒரு நூல் முன்னால் நிற்கட்டும். பற்களைக் குறடால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துவிட்டு, மிச்சத்தை பிளேடின் விளிம்பால் அடிப்பக்கமாகச் சாய்த்துச் சீவுங்கள். அடி உள்வாங்கியிருந்தால் பொருத்தும்போது மேல் ஓரம் மட்டும்தான் தூணுக்கு அருகே வரும், சீர் செய்வது எளிது. கடைசியில் 100 கிரிட் டைமண்ட் கைப்பட்டையால் நாலு தேய்ப்பு.

மார்பிள் கட்டரை இதற்கு எடுக்காதீர்கள். அடித்தட்டு இருப்பதால் நேர் வெட்டுக்கு அதைவிட நல்ல மெஷின் இல்லை, வளைவுக்கு அதுவே இடைஞ்சல்.

தூணுக்கும் டைலுக்கும் நடுவே உள்ள 3 எம்எம்மில் சிமென்ட் கிரவுட் (ஜாயின்ட் அடைக்கும் கலவை) அடைக்க வேண்டாம். டைல் நிறத்துக்கு ஏற்ற சிலிக்கான் போடுங்கள். தரையும் தூணும் ஒரே மாதிரி அசையாது, சிமென்ட் கிரவுட் அங்கே மயிரிழை விரிசல் விடும்.

உறையூர்

மிக்க நன்றி சார். வளைவில் பிளேடு ஏன் சிக்கியது என்று இப்போது புரிகிறது. நிலை விஷயத்தில், மோல்டிங் வடிவத்தை அட்டையில் எடுத்து அதேபோல டைலை வெட்டுவதுதான் முறையா? இல்லை மரத்தைக் கொஞ்சம் அறுப்பதா? மேஸ்திரி, தேக்கில் கைவைக்கக் கூடாது என்கிறார்.

தூக்குக்குண்டு

உள் கதவுதானே, மரத்தையே அறுக்கலாம். மோல்டிங் வளைவுக்கு 9 எம்எம் விட்ரிஃபைடை வெட்டி, ஒரு நூல் இடைவெளியில் சுத்தமாகப் பொருத்துவது மணிக்கணக்கான வேலை. அதன் பிறகும் சிலிக்கான் கோடு தெரியும். மரத்துக்கு அடியில் டைல் நுழைந்துவிட்டால், வெட்டு எவ்வளவு பிசிறியிருந்தாலும் யாருக்கும் தெரியாது.

மேஸ்திரி பயப்படுவது, நிலைக்கால் தரையில் நிற்கிறது, அடியில் அறுத்தால் நிலை இறங்கிவிடும் என்று. சுவரில் ஹோல்டு ஃபாஸ்ட் (நிலையைச் சுவரோடு பிணைக்கும் இரும்புப் பட்டை) பிடித்த நிலை இறங்காது. அதற்காகக் காலைக் குறுக்கே முழுதாக அறுக்கவும் வேண்டாம். டைல் வரும் பக்கங்களில் 12 முதல் 15 எம்எம் உள்ளே போனால் போதும், நடு மரம் அப்படியே நிற்கட்டும். டைல் 10 எம்எம் உள்ளே நுழையும், மிச்சம் அசைவுக்கு.

உயரம்: டைல் 9, அட்ஹெசிவ் படிந்தபின் 4, தளர்வுக்கு 1, மொத்தம் 14. டைல் துண்டு ஒன்றின் மேல் 5 எம்எம் அட்டை வைத்து, அதன் மேல் நுண்பல் ரம்பத்தைப் படுக்க வைத்து இழுங்கள். ரம்பம் தானாகவே மட்டத்தில் போகும். அறுத்தபின் அந்தப் படியில் டைல் துண்டையும் அட்டையையும் நுழைத்துப் பாருங்கள், இடிக்காமல் வழுக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் டைலைத் தட்டி நுழைக்கத் தோன்றும், அப்போது எல் மூலை போய்விடும். அறுத்த முகம் மரத்தின் வெட்டுமுகம், தண்ணீரையும் கரையானையும் அழைப்பதே அதுதான். கரையான் மருந்தும், காய்ந்தபின் வார்னிஷ் இரண்டு கோட்டும் பிரஷ்ஷை உள்ளே விட்டுப் பூசிவிட்டுத்தான் டைல்.

அறுக்கக் கூடாத நிலைகளும் உண்டு. பாத்ரூம் நிலை: டைலுக்கு அடியில் போகும் ஈரம் நேராக மரத்தில் ஏறும், அங்கே இரண்டு பக்கமும் 3 எம்எம் விட்டு சிலிக்கான். கீழே படியோடு சேர்ந்த தலைவாசல் நிலை: படியில் டைலை முட்டி நிறுத்துங்கள். இரும்பு நிலை: சொல்லத் தேவையில்லை.

டைலில் வருவது யு கட். உள் மூலை இரண்டு, அதனால் ஓட்டையும் இரண்டு. முதலில் இரண்டு பக்கக் கோடு, பிறகு நடுவில் சீப்பு வெட்டு, கடைசியில் குறுக்குக் கோடு. யு-வின் கை 2 இன்சுக்கும் குறைவாக வந்தால் அந்த டைலைக் காப்பாற்ற முயலாதீர்கள். அறை டைலும் வெளி டைலும் கதவு மூடியபின் கதவுப் பலகைக்கு நேர் அடியில் சந்திக்கும்படி ஜாயின்டை நகர்த்துங்கள். ஒரு யு இரண்டு எல் ஆகிவிடும்.

கதவுப் பலகையை மறந்துவிடாதீர்கள். தரை 13 எம்எம் ஏறுகிறது. ஒட்டுவதற்கு முன்பே பலகைகளைக் கழற்றி வையுங்கள், டைல் முடிந்தபின் அடியில் அளந்து அறுக்கலாம். உள்ளே திறந்தபடி சிக்கிக்கொண்ட கதவை டைல் மேல் இழுத்துப் பார்ப்பவர்கள் அதிகம்.

வாட்டம்

பாத்ரூம் யாரும் தொடவில்லை, நான் சொல்கிறேன்.

ஜாலியிலிருந்து ஆரம்பியுங்கள், சுவரிலிருந்து அல்ல. நான்கு டைல் சந்திக்கும் மூலை ஜாலியின் மையத்தில் விழும்படி வைத்தால், 5 இன்ச் சதுர ஜாலிக்கு ஒவ்வொரு டைலிலும் மூலையில் இரண்டரை இன்சுக்கு ஒரு சின்ன எல் கட், அவ்வளவுதான். நான்கு டைலும் தனித்தனியே ஜாலி நோக்கிச் சாயும். வாட்டம் (தண்ணீர் ஓடும் சரிவு) மீட்டருக்கு 12 எம்எம் கொடுங்கள். ஜாலி ஒரே டைலின் நடுவில்தான் விழும் என்றால், அந்த டைலின் நான்கு மூலையிலிருந்தும் ஜாலியின் நான்கு மூலைக்கு வெட்டி நான்கு துண்டாக்க வேண்டும். முழு டைலில் சதுர ஓட்டை போட்டு ஒட்டினால் டைல் வளையாது, அந்த ஒரு அடிக்கு வாட்டமே இருக்காது, ஜாலியைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். ஜாலி டைல் மட்டத்துக்கு 2 எம்எம் கீழே உட்கார வேண்டும். டைல் மேல் டைல் போடும்போது ஜாலிக்கு அடியில் உள்ள பழைய ட்ராப் அரை இன்சுக்கு மேல் பள்ளமாகிவிடும், ஜாலியின் கழுத்தை அந்த அளவுக்கு உயர்த்திய பிறகே டைல்.

கமோடு பைப் 110 எம்எம். டைலில் ஓட்டை 120 போதும், கமோடின் அடி மறைத்துவிடும், அழகு பார்க்க வேண்டாம். இங்கேயும் ஜாயின்ட் பைப் நடுவில் வந்தால் இரண்டு அரை வட்டம், வேலை பாதி. தரையில் உட்காரும் கமோடுக்கு, முடிந்த சுவர் முகத்திலிருந்து பைப் மையம் வரை உள்ள தூரம் 9 இன்சா 12 இன்சா என்று இப்போதே அளங்கள். சுவரிலும் டைல் மேல் டைல் ஒட்டினால் அந்தத் தூரம் 12 எம்எம் குறையும். 9 இன்ச் கமோடுக்குச் சரியாக இருந்த பைப், புது டைலுக்குப் பிறகு எட்டரையாகி, தொட்டி சுவரில் முட்டும். இது டைல் வெட்டும் பிரச்சினை இல்லை, ஆனால் டைல் முடிந்த பிறகுதான் எல்லோருக்கும் தெரிய வருகிறது.

ஆங்கிள் வால்வு, குழாய் வரும் இடங்களுக்கு 35 எம்எம் கோர் பிட் ஒன்று வாங்கிவிடுங்கள். பிட் பெரிதாக ஆக வேகம் குறைய வேண்டும். வேகம் குறைக்க முடியாத கிரைண்டரில் பெரிய பிட் மாட்டினால் ஐந்து நொடி வெட்டு, நிறுத்து, ஸ்பாஞ்ச், மறுபடி வெட்டு. புகை வந்தால் டைல் முகம் கருகும்.

கிரைண்டர் தண்ணீர் ஊற்றி ஓட்டும் மெஷின் அல்ல. டைலை நனையுங்கள், மெஷினை நனைக்காதீர்கள். இணைப்பு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக வரட்டும். உலர வெட்டினால் வெளியே, என்95 போட்டு, அந்தத் தூசு நுரையீரலுக்கான சிமென்ட். கண்ணாடி கட்டாயம். கழுத்தில் துண்டும் தொங்கும் லுங்கியும் பிளேடு பக்கம் வேண்டாம்.

டைல் கணக்கு: இத்தனை எல், யு இருக்கும் வீட்டுக்கு 5 சதவீதம் போதாது, 10 சதவீதம் கூடுதலாக எடுங்கள். 2-க்கு 2 பெட்டியில் 4 டைல், 15.5 சதுர அடி. பெட்டியில் ஷேடு எண்ணும் பேட்ச் எண்ணும் பார்த்து, இப்போதே கடையில் ஒதுக்கச் சொல்லுங்கள். அதே டிசைன் அடுத்த பேட்சில் வேறு வெள்ளையாக இருக்கும்.

உறையூர்

முழு விளிம்பு பிளேடும் 6 எம்எம் பிட்டும் வாங்கியாயிற்று. சதுரத் தூணின் முதல் எல் கட் விரிசல் இல்லாமல் உட்கார்ந்தது. ஒரு சந்தேகம்: உள் மூலையில் ஓட்டையின் வளைவு தெரிகிறதே, அதைச் சதுரமாகத் தேய்க்க வேண்டுமா?

மூலமட்டம்

வேண்டாம் சார், தேய்த்தால் ஓட்டை போட்டதே வீண். ஸ்கர்ட்டிங் வந்ததும் மறைந்துவிடும். நிலை ஓரத்தில் ஸ்கர்ட்டிங் இல்லாத இடத்தில் மட்டும் கிரவுட் நிறத்தில் சிலிக்கான் ஒரு சொட்டு.